மாதிரி, விற்பனைக்கு அல்ல

கொலோன் நகரத்துக் கண்காட்சியில்
எங்கள் நாட்டுக்கு ஒன்பது சதுர மீட்டர்.
வாடகை அமைச்சகத்தின் கணக்கில்.
பிஷ்கெக்கிலிருந்து தூக்கி வந்த கம்பளி விரிப்பை
முதல் மணி நேரத்திலேயே சுருட்டச் சொன்னார்கள்,
தீப்பிடிக்குமாம்.
மேஜைக்கடியில் தள்ளிவிட்டு
கழுத்து அட்டையைப் பார்க்கிறேன்:
புருலாய் என்ற பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.
பதவியில் மட்டும் பிழையில்லை.
ஏற்றுமதி ஊக்குவிப்பு அலுவலர், இரண்டாம் நிலை.

வெள்ளைத் தேன், நாற்பத்தெட்டு பாட்டில்.
(சுவைக்கத் திறந்தவை தனிக் கணக்கு.)
தயிரா என்று வருகிறவர்கள் உண்டு,
பன்றிக் கொழுப்பா என்று கேட்டவரும் உண்டு.
மலையில் ஒரே ஒரு பூ, அதிலிருந்து, என்று
மனப்பாடம் செய்ததைத் தொடங்குவேன்;
இரண்டாவது வாக்கியத்துக்குள் அவர்கள்
எதிர்க்கடை ஆலிவ் எண்ணெயில்
ரொட்டி தோய்த்துக்கொண்டிருப்பார்கள்.
ஆலிவ்காரர்களுக்கு இருபது வருடமாக அதே மூலை.
எங்களுக்குக் கழிப்பறைக்குப் போகும் வழி.
கூட்டத்துக்குக் குறைவில்லை.

துணை அமைச்சர் வந்தார்.
ரிப்பன் இருந்தது, கத்தரிக்கோல் இல்லை.
மூடி கிழிக்க வைத்திருந்த என் பேனாக்கத்தியால்
அறுத்தார், அறுத்தார், அறுந்தது.
படம் எடுத்தார்கள்.
படத்தில் நான் ஒரு தோள்.

மறுநாள் மதியம் ஹாம்பர்க் வியாபாரி ஒருவர்
கண்ணை மூடிச் சுவைத்தார்.
நாக்கு அண்ணத்தில் தட்டும் சத்தம் கேட்டது.
என் வயிற்றுக்குள் ஒரு கண்டெய்னர் அசைந்து கொடுத்தது.
"மருந்து எச்சச் சோதனைச் சான்று?"
நீட்டினேன்.
"இந்த ஆய்வகத்தை இங்கே யாரும் ஏற்பதில்லையே."
அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.
"எப்போது?"
நான் வேலையில் சேர்வதற்கு முன்பு.
சிரித்தார். நல்ல மனிதர்.
கரண்டியைக் குப்பையில் போடாமல்
கையிலேயே கொண்டுபோனார்.

இரவு டோக்டோசுன் அழைக்கிறார். அவருடைய தேன்.
பனி வடிந்த சரிவுக்குப் பெட்டிகளை ஏற்றிவிட்டாராம்.
எத்தனை டன் கேட்டார்கள்?
பேச்சு நடக்கிறது என்கிறேன்.
பொய்யில்லை. இங்கே பேச்சு மட்டும்தான் நடக்கிறது.
கடன் வாங்கி இருபது பெட்டி கூட்டியிருக்கிறேன்,
பயிலரங்கில் நீங்கள் சொன்னீர்களே, என்கிறார்.
சொன்னேன்.
திரையில் ஒரு பச்சை அம்பு மேலே போனது.

கடைசி நாள் பாதி விளக்குகள் அணைந்த பிறகு
குப்பை வண்டி தள்ளிக்கொண்டு ஒருத்தி.
சட்டையில் தைத்த பெயர் செர்வா.
மிச்சமிருந்த கரண்டியால் எடுத்து நக்கினாள்,
நின்றாள்,
இன்னொரு தடவை எடுத்தாள்.
என்ன விலை?

மூன்று நாளில் விலை கேட்ட முதல் ஆள்.
சுங்கத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றால்:
மாதிரி, விற்பனைக்கு அல்ல.
வந்த எண்ணிக்கை திரும்பிப் போக வேண்டும்,
அல்லது அதிகாரி முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும்.
ஏற்றுமதிக்கென்று சம்பளம் வாங்குகிறவள்
இதை எந்த மொழியில் சொல்வது?
பாட்டிலைக் கொடுத்தேன்.
சும்மா வாங்க மாட்டேன் என்றாள்.
நாலு யூரோ, சில்லறையாக,
எண்ணி வைத்தாள்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள்.
என் புறங்கை காய்ந்து கிடந்தது.
பிசுபிசுப்பெல்லாம் உள்ளங்கையில்.

விமானத்தில் அறிக்கைப் படிவம்.
சந்தித்தவர்கள்: நூற்றுப் பன்னிரண்டு.
புரிந்துணர்வு ஒப்பந்தம்: பரிசீலனையில்.
உடைந்தவை: ஒன்று.
விற்றது என்றொரு கட்டமே அதில் இல்லை.

டோக்டோசுனிடம் அந்த நாலு யூரோவைச் சேர்க்க வேண்டும்.
அவர் ஊருக்குப் பேருந்து டிக்கெட்
அதைவிடக் கூடுதல்.
புதுப் பெட்டிகளுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார் என்று
கேட்க மறந்துவிட்டேன்.